ஆய்வு வளாகத்துக்கு எத்தனை ஜிகாபிட்? திருப்பதி – சித்தூர் – திருத்தணி வட்டாரத்தினருக்கான கேள்வி-பதில்

ஆந்திர எல்லையோரத்தில் நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் எனத் தமிழ் பேசுவோர் பரவலாக வாழும் வட்டாரத்தில் இன்று ஆய்வு நிறுவனங்கள் பல இருக்கின்றன. ஏர்ப்பேட்டில் ஐ.ஐ.டி.யும் ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும், சித்தூர் செல்லும் சாலையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகமும், எல்லைக்கு இப்பால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகமும் உள்ளன. இவற்றைப் பார்த்துத் தாங்களும் பெரிய ஆய்வுகளில் பங்கெடுக்க விரும்பும் கல்லூரிகளின் பதிவாளர்களும், கணினி மையப் பொறுப்பாளர்களும், பேராசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. கணக்குகளில் வரும் வளாகங்களும் கருவிகளும் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. அவை எந்த ஒரு நிறுவனத்தையும் குறிப்பவை அல்ல.

ஒரே வரியில் சொல்லிவிடக் கூடாதா? 1 ஜிகாபிட் போதுமா, 10 வேண்டுமா?

சொல்ல முடியாது, வளாகத்தைப் பார்க்காமல் அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். மாணவர் விடுதிக்கான இணைப்பைத் தலைக்கணக்கில் மதிப்பிடலாம், ஏனெனில் ஆயிரம் பேர் சேரும்போது ஒருவரின் ஏற்றம் மற்றவரின் இறக்கத்தில் கரைந்துவிடும். ஆய்வுத் தரவு அப்படிக் கரைவதில்லை. ஒரே கருவி ஒரே இரவில், வளாகத்தில் உள்ள மற்ற எல்லாரும் ஒரு வாரத்தில் பயன்படுத்துவதைவிட அதிகமாக அனுப்பக்கூடும். அதன்பின் பத்து நாட்களுக்கு அது வாயே திறக்காமல் இருக்கலாம்.

இதை நன்கு உணர்ந்தவர்கள் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகங்களை இணைக்கும் ஈ.எஸ்.நெட் வலையமைப்பினர். 1986 முதல் இயங்கிவரும் அந்த வலையமைப்பு தன் கொள்திறனைத் திட்டமிடும்போது, இணைப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற வரைபடத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வோர் அறிவியல் துறையினரையும் முறைவைத்து அழைத்து, கருவிகள் என்னென்ன, ஆய்வு எந்தப் படிகளில் நடக்கிறது, அடுத்த இரண்டாண்டுக்குள் என்ன மாறும், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்ன வரும், அதற்கு அப்பால் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்கிறது. இணைப்பின் அளவு அந்தப் பதில்களிலிருந்தே கிடைக்கிறது. நம் வட்டாரத்தில் ஒரு சிறிய கல்லூரிக்கும் இந்த முறையே பொருந்தும்; கேட்க வேண்டியவர்களின் எண்ணிக்கை மட்டுமே குறையும்.

ஆய்வாளரிடம் என்ன கேட்க வேண்டும்? அவர்களுக்கே தெரியவில்லையே.

“உங்களுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?” என்று கேட்டால் தெரியாதுதான். அது அவர்கள் விடைசொல்ல வேண்டிய கேள்வியும் அன்று. அவர்களுக்குத் தங்கள் வேலை தெரியும். ஆகவே வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஒரு முறை அளவெடுத்தால் கிடைக்கும் கோப்பு எத்தனை ஜிகாபைட், ஒரு நாளில் எத்தனை முறை அளவெடுக்கிறீர்கள், அந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த வேலை நின்றுவிடும் என்று கேட்டால், சற்று யோசித்துவிட்டு ஏறக்குறையச் சரியான எண்களைச் சொல்லிவிடுவார்கள்.

எடுத்துக்காட்டாக, வளிமண்டலத்தை ஆராயும் ஒருவர் “எங்கள் ரேடார் நாளொன்றுக்கு 200 ஜிகாபைட்தான் தருகிறது” என்கிறார். ஒரு பைட் என்பது 8 பிட்; ஆகவே 200 ஜிகாபைட்டை 24 மணி நேரத்தில் பரப்பினால் நொடிக்கு 18.5 மெகாபிட்தான், வீட்டு இணைப்பே தாங்கும். பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. “செயல்முறை நிரலை மாற்றினால் பழைய தரவை என்ன செய்வீர்கள்?” என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். “ஓராண்டுத் தரவு முழுவதையும் சேமிப்பகத்திலிருந்து வரவழைத்து மறுபடி ஓட்டுவோம், ஒரு வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம்” என்று பதில் வரும். ஓராண்டுத் தரவு என்பது 73 டெராபைட். ஒரு வாரத்தில் அது வந்துசேர நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபிட் இடைவிடாமல் ஓட வேண்டும். முதல் பதிலுக்கும் இரண்டாம் பதிலுக்கும் இடையே 50 மடங்கு வித்தியாசம் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளின் வாயிலிருந்து, ஒரே மேசையில், உண்மையாகவே வந்தவை.

கேட்க மறக்கும் இன்னொரு கேள்வி, தரவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. நம் கல்லூரிகளில் பெரும்பாலானவை பதிவிறக்கத்தையே எண்ணிப் பழகியவை. கருவி உள்ள வளாகமோ அனுப்பும் வளாகம். ஆகவே இருபுறமும் ஒரே வேகம் தரும் இணைப்பையே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

டெராபைட்டை ஜிகாபிட்டாக மாற்றிப் பார்க்க எளிய வழி உண்டா?

மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1 டெராபைட்டை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் அனுப்ப 2 மணி 13 நிமிடம் ஆகும். நாளொன்றுக்கு 10 டெராபைட் என்பது 1 ஜிகாபிட் இணைப்பை இரவும் பகலும் முழுதாக நிரப்பிவிடும். 1 பெட்டாபைட்டை, அதாவது 1,000 டெராபைட்டை, 10 ஜிகாபிட்டில் அனுப்ப ஒன்பது நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகும். இவை இணைப்பு முழுவதும் நமக்கே கிடைத்து, ஒரு பாக்கெட்கூட (தரவைப் பிரித்தனுப்பும் சிறு துண்டு) இழக்கப்படாதபோது கிடைக்கும் எண்கள். நடைமுறையில் பத்தில் ஏழு பங்கு கிடைத்தால் நன்றாக நடக்கிறது என்று கொள்ளலாம்.

எங்கள் இணைப்பின் மாத வரைபடம் 30 விழுக்காட்டைத் தாண்டவே இல்லை. பிறகு ஏன் கூட்ட வேண்டும்?

சராசரி என்பது ஆய்வுப் பணிக்கு மிகவும் ஏமாற்றும் எண். ஒரு நுண்ணோக்கி இரவு முழுவதும் ஓடி 4 டெராபைட் தருகிறது. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் அது சென்னையில் உள்ள கணிப்பகத்தைச் சேர வேண்டும், அப்போதுதான் அன்றைய மாதிரியை வைத்திருப்பதா மாற்றுவதா என்று முடிவுசெய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரச் சராசரியில் இது 0.37 ஜிகாபிட். தேவைப்படும் நான்கு மணி நேரத்தில் 2.2 ஜிகாபிட். பத்தில் ஏழு பங்கே கிடைக்கும் என்று கணக்கிட்டால் 3.2 ஜிகாபிட். சராசரியைப் பார்த்து 1 ஜிகாபிட் வாங்கியவருக்கு, வரைபடத்தில் எப்போதும் இடம் மிச்சமிருப்பதுபோலத் தோன்றும்; ஆய்வாளரோ பத்து மணிக்குத் தரவு வராததால் மாதிரியை மாற்றாமல் ஒரு நாளை இழந்துகொண்டிருப்பார்.

வரைபடம் அமைதியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது கணினி மையத்தினர் சிலருக்கு உவப்பாக இராது. இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில் ஆய்வாளர்கள் முயல்வதையே விட்டுவிடுகிறார்கள். வன்தட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். அந்தத் தரவு எந்த வரைபடத்திலும் வராது. பயன்பாடு குறைவு என்று முடிவுசெய்வதற்கு முன், துறைகளில் வாங்கப்பட்ட வெளி வன்தட்டுகளின் எண்ணிக்கையைக் கொள்முதல் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

வானியல் என்றாலே பெருந்தரவுதானே? எங்களிடம் ஒரு தொலைநோக்கி இருக்கிறது.

எல்லாத் தொலைநோக்கியும் அப்படி இல்லை. 4096 × 4096 பிக்சல் கொண்ட கேமரா எடுக்கும் ஒரு படம் 34 மெகாபைட்டுக்கும் குறைவு. ஓரிரவில் நூறு படம் எடுத்தாலும் 3.4 ஜிகாபைட்தான். சிலி நாட்டின் ரூபின் வானாய்வகத்தில் உள்ள கேமராவோ 320 கோடி பிக்சல் கொண்டது. ஓரிரவுக்கு ஏறத்தாழ 20 டெராபைட் தரக்கூடியது. அங்கே அளவைவிட அவசரமே திட்டத்தைத் தீர்மானித்தது. வானில் ஏதேனும் மாறியிருந்தால், படம் எடுத்த 60 நொடிக்குள் உலகெங்கும் உள்ள வானியலாளர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும் என்பது அதன் இலக்கு. அந்த 60 நொடிக்குள் படம் மலையிலிருந்து இறங்கி, கண்டம் கடந்து கலிபோர்னியாவைச் சேர்ந்து, பழைய படத்தோடு ஒப்பிடப்பட்டும் ஆக வேண்டும்.

ரேடார்களில் நிலைமை வேறு. ஓர் ஏற்பி (ரிசீவர்) நொடிக்குப் பத்து லட்சம் முறை அளவெடுத்து, ஒவ்வோர் அளவையும் 4 பைட்டாக எழுதினால் 32 மெகாபிட் ஆகும். அப்படி 64 ஏற்பிகள் இருந்தால் 2 ஜிகாபிட்டுக்குச் சற்று மேல், நாளொன்றுக்கு 22 டெராபைட். இதையே அந்த இடத்தில் வைத்து நிறமாலையாகச் சுருக்கிவிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைக்கலாம். காதங்கியின் எம்.எஸ்.டி. ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் 1024 யாகி ஆன்டெனாக்களைக் கொண்டு இயங்குவது. அத்தகைய அணிகளில் தரவைச் சுருக்குவது ஆன்டெனாவின் அருகிலா, தொலைவிலுள்ள கணிப்பகத்திலா என்ற முடிவுதான் வலையமைப்பின் அளவைத் தீர்மானிக்கும். சுருக்கிய பிறகு மூலத் தரவைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இந்த முடிவை அறிவியலாளர் எடுக்க வேண்டும். வலையமைப்புப் பொறியாளர் இரண்டு வழிகளுக்கும் ஆகும் செலவை முன்வைத்தால் போதும்.

10 ஜிகாபிட் இணைப்பு வந்துவிட்டது. சென்னைக்குக் கோப்பு பறக்கிறது, ஜெனீவாவிலிருந்து ஊர்ந்து வருகிறது. வெளிநாட்டு இணைப்பில் குறையா?

பெரும்பாலும் இல்லை. குறை உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கலாம். தூரம் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

டி.சி.பி. என்னும் நெறிமுறை, அனுப்பிய பாக்கெட் சேர்ந்ததா என்று மறுமுனையிடமிருந்து விடைவந்த பிறகே மேலும் அனுப்பும். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. திருப்பதியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டர் என்றால், போய்வர 1.5 மில்லிநொடி. ஐரோப்பாவுக்குப் போய்வர 150 மில்லிநொடி என்று கொள்வோம். ஒரு பாக்கெட் இழக்கப்பட்டதும் டி.சி.பி. தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு போய்வரவுக்கும் சிறிது சிறிதாகக் கூட்டுகிறது. போய்வர நூறு மடங்கு நேரம் ஆகும் இடத்தில் மீண்டெழவும் அதற்கேற்ப நெடுநேரம் ஆகிறது. மேத்திஸ் உள்ளிட்ட நால்வர் 1997-ல் வெளியிட்ட சூத்திரம் இதை எண்ணாக்கித் தருகிறது: பாக்கெட்டின் அளவைப் போய்வரும் நேரத்தால் வகுத்து, அதை இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் கிடைப்பதே அதிகபட்ச வேகம்.

ஈ.எஸ்.நெட்டில் பழுதான ஒரு ரௌட்டர் அட்டை 22,000 பாக்கெட்டுக்கு ஒன்றை இழந்துகொண்டிருந்தது. அந்த ரௌட்டரின் சொந்தப் பிழைக்கணக்கில் அது தெரியவே இல்லை. தனியாக வைத்திருந்த அளவீட்டுக் கருவியே காட்டிக்கொடுத்தது. அதே இழப்பை நம் சூத்திரத்தில் இட்டு, 1460 பைட் பாக்கெட்டுக்குக் கணக்கிட்டால், சென்னைக்கு 1.15 ஜிகாபிட் கிடைக்கும், ஜெனீவாவுக்கு 11.5 மெகாபிட்தான் கிடைக்கும். இணைப்பு இரண்டுக்கும் ஒன்றே, பழுதும் ஒன்றே. சென்னையோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பழுது யார் கண்ணிலும் படாது. க்யூபிக், பி.பி.ஆர். போன்ற, டி.சி.பி.யின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிற்கால வழிமுறைகள் இதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், இழப்பைத் தேடிக் களைவதற்கு அவை மாற்றாகா.

பாக்கெட் இழப்பே இல்லாவிட்டாலும் இன்னொரு தடை உண்டு. 10 ஜிகாபிட் வேகத்தில் 150 மில்லிநொடி தூரத்துக்கு அனுப்பும்போது, விடை வரும்வரை 187.5 மெகாபைட் வழியிலேயே இருக்கும். அவ்வளவையும் வைத்திருக்கச் சர்வரின் நினைவகத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு 6 மெகாபைட் என்று இருந்தால், எத்தனை ஜிகாபிட் வாங்கினாலும் ஒரு தொடர்பில் 320 மெகாபிட்டைத் தாண்டாது. இந்த அமைப்பைத் திருத்த ஒரு காசும் செலவில்லை. ஆனால் இதைத் திருத்தாமலே இணைப்பைப் பத்து மடங்காக்கக் கோரும் கோப்புகள் நிதிக்குழுவுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஃபயர்வாலைத் தாண்டித்தானே எல்லாத் தரவும் போக வேண்டும்? தணிக்கையில் கேட்பார்களே.

பாதுகாப்பு வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கதவு வேண்டியதில்லை. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் வளாக ஃபயர்வால்கள் ஆயிரக்கணக்கான சிறு தொடர்புகளைச் சமாளிப்பதற்கென வடிவமைக்கப்பட்டவை. உள்ளே பல செயலிகள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு தொடர்பு ஒரு செயலியிடமே போகும். விளம்பரத்தில் 10 ஜிகாபிட் என்று இருந்தாலும், ஒரே பெருந்தொடர்பு வந்தால் அந்த ஒரு செயலி திணறிப் பாக்கெட்டைக் கைவிடும். அதன் விளைவு முந்தைய பதிலில் சொன்னதுதான்.

இதற்கு ஈ.எஸ்.நெட்டின் பொறியாளர்கள் முன்வைத்த சயின்ஸ் டி.எம்.இசட். என்னும் அமைப்பு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. வளாகத்தின் எல்லை ரௌட்டருக்கு அருகிலேயே தரவு அனுப்புவதற்கென்று சில சர்வர்களை வைத்து, அவற்றில் மின்னஞ்சலோ இணைய உலாவியோ எதுவும் இல்லாமல் செய்து, எந்த நிறுவனத்தின் எந்த முகவரி எந்தப் போர்ட்டில் பேசலாம் என்பதை ரௌட்டரிலேயே பட்டியலிட்டுவிடுவார்கள். அலுவலகம், விடுதி, நூலகம் எல்லாம் வழக்கம்போல ஃபயர்வாலுக்குப் பின்னாலேயே இருக்கும். அந்தப் பட்டியலையும் சர்வர்களின் பதிவேட்டையும் காட்டினால் தணிக்கைக்கு விடைசொல்லிவிடலாம்.

இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைப்பு வாங்கிவிட்டோம். ஒன்று போனால் ஒன்று இருக்கும் அல்லவா?

ரசீது இரண்டாக இருப்பதால் பாதை இரண்டாகிவிடாது. நம் வட்டாரத்தில் கொள்திறன் திட்டமிடுவோர் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய கேள்வி இதுவே.

சென்னையிலிருந்து திருப்பதிக்கு வரும் ஃபைபர்களில் பல திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்ற தடத்தை ஒட்டி வருகின்றன. ஒரு நிறுவனம் “எங்களுடையது நெடுஞ்சாலையோரம்” என்றும், மற்றொன்று “எங்களுடையது ரயில் பாதையோரம்” என்றும் சொன்னால், காகிதத்தில் இரண்டும் வேறு. ஆனால் நகரிக்கும் புத்தூருக்கும் இடையில் சாலையும் தண்டவாளமும் மலையடிவாரத்தில் ஒன்றையொன்று ஒட்டியே செல்கின்றன. ஒரு வெள்ளம் இரண்டையும் சேர்த்தே தொடும். பாலங்களில் நிலைமை இன்னும் மோசமாக இருக்கலாம். ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கட்டிய இரும்புக் குழாய்களைப் பார்த்தால், வெவ்வேறு நிறுவனங்களின் கேபிள்கள் கைக்கெட்டும் இடைவெளியில் அருகருகே போவதைக் காணலாம். சில இடங்களில் ஒரே குழாய்க்குள்ளேயே போவதும் உண்டு, ஏனெனில் ஒருவர் மற்றவரிடமிருந்து இழைகளை வாடகைக்கு எடுத்திருப்பார். 2021 நவம்பர் மழையில் திருப்பதியும் சுவர்ணமுகிக் கரையும் பட்ட பாட்டை இங்குள்ள யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மழை இல்லாத மாதங்களில் சாலை அகலப்படுத்தும் ஜே.சி.பி. இருக்கிறது.

ஆகவே உண்மையான இரண்டாம் பாதையை எதிர்த்திசையில் தேடுங்கள். ஒன்று கிழக்கே திருத்தணி வழியாகச் சென்னைக்கும், மற்றது மேற்கே சித்தூர், பலமநேர், முல்பாகல் வழியாகப் பெங்களூருக்கும் போகட்டும். இதனால் வேறொரு பயனும் உண்டு. சென்னை என்பது வங்கக்கடல் வழியே வரும் கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர்; 2016 டிசம்பரில் வர்தா வீசியதைப்போல ஒரு புயல் அங்கே அடித்தால், பெங்களூர் வழியாக மும்பையின் கேபிள்களை அடையும் பாதை நமக்கு எஞ்சியிருக்கும். சென்னைக்கே இரண்டாவது பாதை வேண்டுமென்றால் காளாஸ்திரி, நாயுடுபேட்டை, சூளூர்பேட்டை, தடா, கும்மிடிப்பூண்டி வழியே வருவதைக் கேட்கலாம். தூரம் கூடினாலும் ஓரிரு மில்லிநொடியில் எந்த ஆய்வும் கெட்டுவிடாது.

நிறுவனங்களிடம் வரைபடம் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. வரைபட மென்பொருளில் திறக்கக்கூடிய கே.எம்.எல். கோப்பாகவே கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே வரைபடத்தில் இட்டுப் பார்த்து, எங்கெல்லாம் ஒன்றை ஒன்று தொடுகின்றனவோ அங்கெல்லாம் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதையை முன்னறிவிப்பின்றி மாற்றக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வளாகத்தின் வாயிலில் இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் நுழைந்தால், மேலே சொன்ன எல்லா உழைப்பும் தோட்ட வேலைக்கு வருபவரின் ஒரு கடப்பாரைக்குக் காணாது.

மின்கம்பத்தில் போகும் ஃபைபரை எடுக்கலாமா?

இரண்டாம் பாதையாக எடுக்கலாம். ஆந்திர அரசின் ஃபைபர்நெட், கேபிளைப் பெரும்பாலும் மின்கம்பங்களிலேயே கட்டி ஊர்களைச் சேர்த்தது. பலத்த காற்றுக்கும் முறியும் மரக்கிளைக்கும் அது எளிதில் இரையாகும். மறுபுறம், அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும், தோண்டாமலே ஒட்டிவிடலாம், ஜே.சி.பி.க்குப் பயமில்லை. புதைத்ததும் தொங்குவதும் வெவ்வேறு காரணங்களால் அறுபடுபவை என்பதால், ஒன்றுக்கு ஒன்று துணையாக வைத்துக்கொள்வது அறிவுடைமையே.

வளாகம் ஆந்திரத்தில், கணிப்பகம் தமிழ்நாட்டில். எல்லை தாண்டுவதால் என்ன சிக்கல்?

தொலைத்தொடர்பு உரிமங்களின் கணக்கில் நகரியும் சத்தியவேடும் ஆந்திர வட்டம் (சர்க்கிள்), திருத்தணியும் ஊத்துக்கோட்டையும் தமிழ்நாட்டு வட்டம். நடந்தே போகும் தூரமானாலும், வட்டம் தாண்டும் இணைப்பு தேசிய நெடுந்தொலைவு உரிமம் உள்ளவர் வழியாகவே வர வேண்டும். உள்ளூர் நிறுவனம் ஒன்று மலிவாகத் தருவதாகச் சொன்னால், எல்லைக்கு அப்பால் அதை ஏற்றுச் செல்பவர் யார், பழுது வந்தால் இருவரில் யாரை அழைப்பது என்பதை முதலில் கேளுங்கள்.

புதிதாகக் கேபிள் புதைக்க வேண்டியிருந்தால், இரு மாநிலங்களின் துறைகளிலும், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திலும், ரயில் பாதையைக் கடந்தால் ரயில்வேயிலும், காப்புக்காடு குறுக்கிட்டால் வனத்துறையிலும் தனித்தனியே அனுமதி வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய வழியுரிமை விதிகள் விண்ணப்ப முறையை ஒழுங்குபடுத்தியுள்ளன; இருந்தாலும் திட்டத்தின் கால அட்டவணையில் தோண்டும் நாட்களைவிட அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களுக்கே கூடுதல் இடம் விடுங்கள்.

தூரம் பற்றியும் ஒரு சொல். பெருக்கி இல்லாமல் ஒளியை ஓட்டும் சாதாரணக் கருவிகள் 80 கிலோமீட்டர் வரைக்குமென வகுக்கப்பட்டவை. சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையில் ஓரிடத்திலாவது பெருக்கி நிலையம் வேண்டும். அது பெரும்பாலும் திருத்தணியையோ நகரியையோ ஒட்டி அமையும். அந்த நிலையத்தின் மின்சாரமும் பேட்டரியும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் உங்கள் கொள்திறன் கணக்கின் பகுதியே.

தேசிய அறிவு வலையமைப்பு இருக்கும்போது தனியாக ஏன் திட்டமிட வேண்டும்?

2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, தேசிய தகவலியல் மையம் அமைத்த என்.கே.என். நாட்டின் ஆய்வு நிறுவனங்களுக்கு முதுகெலும்பு. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையமும் ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத் தரவைப் பகிர்ந்து கணிக்கும் இரண்டாம் அடுக்கு மையங்களாகச் செயல்படுவதைப் போன்ற பணிகளுக்கு ஆய்வுக்கென அமைந்த வலையமைப்புகளே ஏற்றவை. வணிக இணையத்தின் நெரிசல் அங்கே இல்லை. தகுதி இருந்தால் கட்டாயம் சேருங்கள். ஆனால் முதுகெலும்பில் எவ்வளவு இடமிருந்தாலும், உங்கள் வாயிலுக்கு வரும் கடைசிப் பகுதியின் அளவும், வளாகத்துக்குள் ஆய்வகத்திலிருந்து அந்த வாயில் வரை உள்ள சுவிட்சுகளும் உங்கள் பொறுப்பு. நெரிசல் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் ஏற்படுகிறது.

வன்தட்டில் எழுதிப் பேருந்தில் கொடுத்தனுப்பினால் என்ன?

கேலிக்குரிய கேள்வி அன்று. 2019 ஏப்ரல் 10-ல் வெளியான எம்87 கருந்துளைப் படத்துக்கான தரவு, 2017-ல் உலகின் பல தொலைநோக்கிகளில் பதிவாகி, வன்தட்டுகளில்தான் விமானம் ஏறியது. தென்துருவத்தில் பதிவானது குளிர்காலம் முடிந்து விமானம் வரும்வரை காத்திருந்தது.

நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 டெராபைட் வன்தட்டு ஒன்று திருப்பதியில் பேருந்து ஏறி நான்கு மணி நேரத்தில் சென்னை சேர்ந்தால், அது நொடிக்கு 11 ஜிகாபிட். வியப்பாக இருக்கும். ஆனால் அந்த வன்தட்டில் நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் எழுத 22 மணி நேரம், சென்னையில் படித்தெடுக்க மறுபடியும் 22 மணி நேரம். எல்லாம் சேர்த்தால் நொடிக்கு 0.92 ஜிகாபிட், ஒழுங்காக ஓடும் 1 ஜிகாபிட் இணைப்புக்குச் சமம். ஆண்டுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டிய பழைய தொகுப்புக்கு வன்தட்டு போதும். அன்றாடம் அனுப்பி, விடையைப் பார்த்து, மறுநாள் அளவீட்டை மாற்ற வேண்டிய ஆய்வுக்கு உதவாது.

வளர்ச்சிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

ஈ.எஸ்.நெட்டின் நெடுங்கால அனுபவத்தில், தரவு ஓட்டம் ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை பத்து மடங்காகியிருக்கிறது. ஆண்டுக்கு 78 விழுக்காடு. ஒரு பெரிய வலையமைப்புக்கு இது வழுவழுப்பான கோடாகத் தெரியும். ஒரு வளாகத்தில் வளர்ச்சி படிக்கட்டாகவே வரும்: புதிய மரபணு வரிசைப்படுத்தும் எந்திரம் வந்த வாரத்தில் ஒரு படி, புதிய பன்னாட்டுக் கூட்டாய்வில் கையெழுத்திட்ட மாதத்தில் இன்னொரு படி. ஆகவே விழுக்காட்டை நீட்டிப் பார்ப்பதைவிட, கொள்முதல் குழுவின் முன் இருக்கும் கருவிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குவது பயன்தரும். ஒரு கோடி ரூபாய்க் கருவிக்கான கோப்பில், அதன் தரவு எங்கே போகும் என்ற ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு இணைப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒன்று அறுந்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும்; ஆகவே இரண்டிலும் உச்ச ஓட்டம் பாதியைத் தொடும்போதே அடுத்த கட்டத்துக்கான டெண்டரைத் தொடங்கிவிட வேண்டும். எண்பது விழுக்காடு வரும்வரை பொறுத்திருந்தால், அனுமதிகள் வந்து சேருவதற்குள் நிரம்பிவிடும். ஃபைபர் இழைகளின் எண்ணிக்கையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பள்ளத்துக்கு ஆகும் செலவில், கூடுதலாக வைக்கும் இழைகளின் விலை சிறு பங்குதான். இரு முனைகளிலும் உள்ள கருவிகளைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

இணைப்பு வந்து, வேகச் சோதனையும் சரியாக இருந்தால் வேலை முடிந்ததா?

வேகச் சோதனைத் தளங்கள் அருகிலுள்ள சர்வரோடு பல தொடர்புகளைத் திறந்து அளப்பவை. தொலைதூரத்துக்கு ஒரே பெரிய கோப்பு எப்படிப் போகும் என்பதை அவை சொல்லா. பெர்ஃப்சோனார் என்னும் இலவச மென்பொருளை ஒரு தனிக் கணினியில் நிறுவி, நீங்கள் உண்மையில் தரவு பரிமாறும் நிறுவனங்களோடு நாள்தோறும் இழப்பையும் வேகத்தையும் அளந்து பதிவுசெய்யுங்கள். வட்டிலிருந்து வட்டுக்கு ஒரு சோதனையும், நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு ஒரு சோதனையும் தனித்தனியே வேண்டும். முதலாவது மெதுவாகவும் இரண்டாவது வேகமாகவும் இருந்தால் பழி சேமிப்பகத்தின் மேல்தான், இணைப்பின் மேல் அன்று.

பெரிய கூட்டாய்வுகள் இதற்கு மேலும் ஒரு படி போகின்றன. செர்னின் மேம்படுத்தப்பட்ட துகள் மோதுவி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அப்போது எதிர்பார்க்கப்படும் ஓட்டத்தில் பத்து விழுக்காட்டை 2021-லும், 25 விழுக்காட்டை 2024 பிப்ரவரியிலும் உலகெங்கும் உள்ள கணிப்பகங்களுக்கிடையே உண்மையாகவே ஓட்டிப் பார்த்தார்கள். நம் அளவில் இதைச் செய்வது எளிது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்குப் போகும் முதன்மை இணைப்பை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, பெங்களூர்ப் பாதையில் வழக்கமான இரவுத் தரவு முழுவதையும் அனுப்பிப் பாருங்கள். ரௌட்டர் எத்தனை நொடியில் பாதை மாற்றியது, அனுப்பிக்கொண்டிருந்த கோப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததா, முதலிலிருந்து தொடங்கியதா, இரண்டாம் நிறுவனத்தின் பழுதுநீக்கும் எண்ணை அழைத்தால் ஞாயிறன்று யாராவது எடுக்கிறார்களா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு முதலிலிருந்து தொடங்கியிருந்தால், மழைக்கு முன் அனுப்பும் மென்பொருளை மாற்ற இன்னும் நாள் இருக்கும்.